டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

கடந்த இரண்டு மாதமாக வரும் கடிதங்களில் பாதி டொமைனை, அதாவது இணையத்தளப் பெயரைப் பற்றியவை. எல்லாவற்றையும் இந்தத் தடவையே எடுத்துக்கொள்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மருதமுனையில் கைத்தறிச் சாறனும் சாரியும் நெய்து விற்கிறோம். வாப்பாவின் பெயர், கடைப் பெயர், ஊர்ப் பெயர், கைத்தறி என்ற சொல் எல்லாவற்றையும் சேர்த்து டொமைன் எடுக்கலாம் என்கிறார் காக்கா. 41 எழுத்து வருகிறது. முடியுமா?
– வாசகி, மருதமுனை

முடியும். புள்ளிக்கு முன்னால் 63 எழுத்து வரை விதி இடம் தருகிறது. ஆனால் 41 எழுத்தைப் பிழையில்லாமல் அடித்து உங்கள் கடைக்கு யார் வந்து சேர்வார்கள்?

பெயரை முடிவு செய்யுமுன் ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து பேருக்கு ஃபோன் எடுங்கள். பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான்கு பேராவது சரியாக எழுதினால் அந்தப் பெயரை எடுக்கலாம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் நமக்குச் சிக்கல் வருகிறது. கைத்தறி என்பதில் ரீக்குப் (T) பிறகு எச் (H) வருமா, வராதா? கடைசியில் ஐ (I) வருமா, வை (Y) வருமா? போன மாதம் காத்தான்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது எதிரே இருந்த மூன்று கடைப் பலகைகளைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் இரண்டில் வையில் முடிந்தது, ஒன்றில் ஐயில். களுவாஞ்சிக்குடிக்காரர்களுக்கு இன்னும் சிரமம்.

கடையின் சின்னப் பெயரை மட்டும் எடுங்கள், போதும். மருதமுனைச் சாறன் என்று ஊரைச் சொல்லித் தேடி வருகிறவர்கள் உண்டு, உண்மைதான். அந்த ஊர்ப் பெயரைத் தளத்தின் முதல் வரியில் எழுதுங்கள். கூகிள் தேடலுக்கு அது அங்கே இருந்தாலும் கிடைக்கும். வாப்பாவின் பெயரைக் கடையின் கதையைச் சொல்லும் பக்கத்தில் மரியாதையாகப் போடுங்கள்.

இரண்டு சொல்லுக்கு நடுவில் சின்னக் கோடு போட்டால் பெயர் கிடைக்கிறது. எடுக்கலாமா?
– கல்முனை

வேண்டாம். கோடில்லாத பெயரை வைத்திருப்பவருக்குத்தான் உங்கள் வாடிக்கையாளர் போய்ச் சேருவார்.

அறுகம்பேயில் நான்கு அறை விடுதி வைத்திருக்கிறேன். தமிழிலேயே டொமைன் எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– பொத்துவில்

உண்மை. டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் 2010இலிருந்து நமக்கு உண்டு. சிங்களத்துக்கும் அப்படித் தனியாக ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் பெருமை உண்டு, நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் உங்களிடம் வருகிறவர்கள் அலைச்சறுக்கு விளையாட வரும் வெளிநாட்டார். அவர்களின் ஃபோனில் தமிழ் எழுத்துப் பலகை இருக்காது. தமிழ்ப் பெயரில் மின்னஞ்சல் முகவரி வைத்தால் அதை ஏற்காத படிவங்களும் ஏராளம். ஆங்கில எழுத்துப் பெயரை முதலில் எடுங்கள். தமிழ்ப் பெயரையும் எடுத்து அதே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

டொட் கொம், டொட் எல்கே இரண்டில் எது என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் நல்லவை. இலங்கையில் இருக்கிறோம் என்பதைப் பெயரே சொல்ல வேண்டுமானால் எல்கே.

கணவர் போன பிறகு வீட்டில் கேக் செய்து விற்கிறேன். தளம் செய்து தந்த பையன் வருடா வருடம் டொமைனுக்கு என்று காசு வாங்கினான். இப்போது கட்டாரில் இருக்கிறான், பதில் இல்லை. போன மாதம் தளம் நின்றது. இப்போது அந்தப் பெயரைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருகிறது. சேர்ச்சில் ஒரு அக்கா கேட்டபோது கூசிப்போனேன். பெயரை மீட்கலாமா?
– வாழைச்சேனை

தங்கச்சி, முதலில் இதைச் சொல்கிறேன்: இது உங்கள் பிழை இல்லை, கூசவும் வேண்டாம். கேட்கிறவர்களிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

மீட்பது கடினம். டொட் கொம் பெயர் காலம் முடிந்து நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்புக் காலம் இருக்கும். அதற்குள் கூடுதல் கட்டணம் கட்டினால் திரும்ப எடுக்கலாம். அதுவும் போய், 5 நாள் கழித்துப் பெயர் பொதுவில் விழும். உங்களுடையது அப்படி வேறொருவர் கைக்குப் போயிருக்க வேண்டும். சர்வதேச அளவில் முறையிட வழி உண்டுதான். ஆனால் உலகப் புலமைச் சொத்து அமைப்பு (WIPO) வழியாகப் போனால் 1500 டொலரிலிருந்து கட்டணம், வணிகக்குறி உரிமையையும் காட்ட வேண்டும். அந்தக் காசுக்கு நீங்கள் கேக் சுட ஒரு நல்ல ஓவனே வாங்கலாம். புதுப் பெயர் எடுங்கள். கேக் பெட்டி ஸ்டிக்கர், பேஸ்புக் பக்கம், கூகிள் மெப் மூன்றிலும் பழைய முகவரியை இன்றே மாற்றுங்கள். மெப்பைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

காசு வாங்கிக்கொண்டு புதுப்பிக்காமல் விட்டதற்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். சேவை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதனால் தாமதிக்காதீர்கள். விவரம் கேட்க 1977.

மற்ற வாசகர்களும் இதைக் கவனமாகப் படியுங்கள். 2013இல் கல்லடியில் நானும் என் தம்பியும் சின்னப் புத்தகக் கடை ஒன்று தொடங்கினோம். தளம் செய்தவரிடமே டொமைனையும் எடுக்கச் சொன்னோம். அவர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் எடுத்தார். வருடா வருடம் கையில் காசு கொடுத்தோம், பற்றுச்சீட்டு வாங்கவில்லை. மூன்றாம் வருடம் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறக்காமல் விட்ட ஒரு முகவரிக்குப் போயிருக்கின்றன. பெயர் போனது. அந்தப் பெயர் அச்சடித்த 2000 பைகள் கடையின் பின்னறையில் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொரு பையிலும் முகவரியின் மேல் தம்பி காகிதம் ஒட்டினான். அந்தப் பசை வாசம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

மேசன் வீடு கட்டித் தருவார். அதற்காகக் காணி உறுதியை அவர் பெயரில் எழுதுவோமா? டொமைன்தான் உறுதி. தளத்தை யாரும் செய்யட்டும். கணக்கை நீங்கள் திறங்கள், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் அட்டையில். பதிவுதாரர் (Registrant) என்ற இடத்தில் உங்கள் பெயரோ கடையின் பெயரோ இருக்க வேண்டும். தளம் செய்பவரைத் தொழில்நுட்பத் தொடர்பு என்ற இடத்தில் போட்டால் போதும். டொட் கொம் எடுத்ததும் மின்னஞ்சலை உறுதி செய்யச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் பெயரை நிறுத்தி வைப்பார்கள்.

டொமைன் இப்போது இன்னொருவர் கையில் இருந்தால், உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி இந்த வாரமே கேளுங்கள். டொட் கொம் போன்ற பெயர்களுக்கு, வேறு நிறுவனத்துக்கு மாற்றும் இரகசியக் குறியீட்டைப் பதிவுதாரர் கேட்டால், பெயரைப் பதிந்து தந்த நிறுவனம் ஐந்து நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை மேற்பார்க்கும் ஐகான் (ICANN) அமைப்பின் விதி. பதிவுதாரர் நீங்களாக இருந்தால்தான் அதைக் கேட்க முடியும். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

முதல் வருடம் ஒரு டொலருக்குக் கிடைத்தது என்று, டொட் கொம் அல்லாத ஒரு டொமைனை எடுத்தேன். இரண்டாம் வருடம் 35 டொலர் கேட்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?
– அக்கரைப்பற்று

புதுப்பிக்கும் விலை நீங்கள் வாங்கிய பக்கத்திலேயே போட்டிருந்தது. நீங்கள் அனுப்பிய படத்திலும் ஒரு டொலருக்குக் கீழே அது தெளிவாக இருக்கிறது. படிக்காமல் அட்டை இலக்கத்தை அடித்துவிட்டு ஏமாற்று என்றால் நான் என்ன சொல்வது? ஒரு வருட விலையைப் பார்க்காதீர்கள், ஐந்து வருடக் கூட்டுத்தொகையைப் பாருங்கள். இந்தப் பெயரை இன்னும் எங்கும் அச்சடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டு டொட் கொம்முக்கோ எல்கேக்கோ போங்கள்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்திருக்கிறேன். அதே டொமைனை வேறு யாரும் எடுக்க முடியாதுதானே?
– சம்மாந்துறை

எடுக்கலாம். முதலில் வந்தவருக்கே டொமைன். வியாபாரப் பதிவு வேறு, தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதியும் வணிகக்குறி வேறு, டொமைன் வேறு. மூன்றுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். டொமைனை இன்று இரவே எடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியன். மகளின் ரியூஷன் வகுப்புக்கு டொமைன் வைத்திருக்கிறோம். காலம் முடிகிறது, உடனே கட்டுங்கள் என்று மின்னஞ்சல் வந்தது. 86 டொலர் கட்டிவிட்டேன். பிறகுதான் அது நாங்கள் வாங்கிய நிறுவனமே இல்லை என்று மகள் கண்டுபிடித்தாள்.
– மட்டக்களப்பு

ஐயா, மனம் நொந்துபோகாதீர்கள். படித்தவர்கள் பலர் இதே கடிதத்தில் விழுந்திருக்கிறார்கள். டொமைன் பெயரும் அது முடியும் திகதியும் பொதுவில் பார்க்கக்கூடியவை. அதை எடுத்து உண்மையான பில் போலவே செய்கிறார்கள். இன்றே வங்கிக்கு ஃபோன் எடுத்து அந்த அட்டையை நிறுத்தச் சொல்லுங்கள், அந்தக் கொடுப்பனவை மறுக்கும் படிவத்தையும் கேளுங்கள். அப்புறம் மகளின் உண்மையான கணக்குக்குள் போய் முடியும் திகதியைப் பாருங்கள். நீங்கள் கட்டிய காசு அங்கே போகவில்லை, பெயர் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. அதை இன்றைக்கே செய்யுங்கள்.