உண்ணி கடித்தால் இதயத் தசை நோய் வருமா?

தம்பிக்கு இதயம் பெரிதாகி பம்ப் செய்யும் திறன் குறைந்திருக்கிறது, உண்ணி கடியால் பரவும் லைம் நோய்க்கான ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது, அப்படியானால் உண்ணிதான் காரணமா, ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அதே டைலேட்டட் கார்டியோமயோபதிதான். 'காரணம் தெரியவில்லை' என்று டாக்டர் சொன்ன பிறகு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடாதா என்று மனம் தேடும். எனக்கும் தேடியது. அதனால் இதைக் கொஞ்சம் ஆழமாகவே படித்தேன்.

லைம் நோயை உண்டாக்கும் பொரேலியா கிருமி இதயத்தைத் தாக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் கைவைப்பது இதயத்தின் மின்பாதையில். கடித்துச் சில வாரங்களில் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்துடிப்பு தாமதப்படும், சிலருக்கு முழுசாகவே நின்றுபோகும். மயக்கம், தலைசுற்றல், படபடப்பு வரும். இந்த அடைப்பு நிமிடக் கணக்கில் கூடிக் குறையும் என்பதுதான் இதில் பயப்பட வேண்டிய விஷயம். இசிஜியில் பிஆர் இடைவெளி, அதாவது மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம், 300 மில்லிசெகண்டைத் தாண்டினால் மருத்துவமனையில் சேர்த்து மானிட்டரில் வைப்பார்கள். அமெரிக்காவில் பதிவாகும் லைம் நோயாளிகளில் சுமார் 100-க்கு ஒருவருக்கு இப்படி ஆகிறது. செஃப்ட்ரியாக்சோன், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளில் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். சிலருக்குத் தற்காலிக பேஸ்மேக்கர் தேவைப்படும், நிரந்தரமாக வைப்பது அபூர்வம். அதற்காக லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. 2012 நவம்பருக்கும் 2013 ஜூலைக்கும் இடையில் அங்கே மூன்று பேர் திடீரென்று இறந்தார்கள். லைம் கிருமி அவர்கள் இதயத்தைத் தாக்கியிருந்தது பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாள்பட்ட தசை பலவீனம் வேறு கதை. 1990-இல் வியன்னா ஆய்வாளர்கள், நீண்டகால கார்டியோமயோபதி இருந்த ஒருவரின் இதயத் தசையிலிருந்தே பொரேலியாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். அதன்பின் ஐரோப்பாவில் சில இடங்களில் பயாப்ஸியில் (இதயத் தசைத் துணுக்கு எடுத்துச் செய்யும் சோதனை) அதன் தடயம் கிடைத்தது. அமெரிக்க ஆய்வுகளில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை. ஆன்டிபாடியை வைத்து முடிவு கட்டவும் வழியில்லை. தொற்று ஆறிப் பல வருஷம் ஆனாலும் அது ரத்தத்தில் இருக்கும். உண்ணி அதிகமுள்ள பகுதிகளில் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கே பாசிட்டிவ் வரும். அதனால்தான் 2020-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், காரணம் தெரியாத நாள்பட்ட கார்டியோமயோபதிக்கு வழக்கமாக லைம் டெஸ்ட் எடுக்க வேண்டாம் என்கிறது. திடீரென்று வந்த இதயத் தசை அழற்சி என்றால், அதுவும் உண்ணி கடித்திருக்க வாய்ப்புள்ளவர் என்றால், எடுக்கச் சொல்கிறது.

ஆகவே டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: தம்பிக்கு இது புதிதாக, வேகமாக வந்ததா? இசிஜியில் மின்பாதை அடைப்பு இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் உண்ணியைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. ஆன்டிபயாடிக் தருவதா என்று டாக்டரே முடிவு செய்யட்டும். அதை நம்பி இதயத்துக்கான மாத்திரைகளை மட்டும் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்த இதயத் தசை நோய் கணிசமான பேருக்கு மரபணு வழியாக வருகிறது. கூடப்பிறந்தவர் என்ற முறையில் நீங்களும் ஒரு இசிஜி, எக்கோ எடுத்துப் பார்த்துவிடுங்கள்.