குறைந்த காற்றில் விங் ஃபாயிலிங்: முன் இறக்கை எந்த அளவில் வேண்டும்?

விங் ஃபாயிலிங் என்றால் கையில் பிடித்த விங் (காற்றுப் பாய்) இழுக்க, பலகைக்கு அடியில் நீருக்குள் இருக்கும் ஃபாயிலின் இறக்கை தூக்க, நீருக்கு மேலே எழும்பிப் போவது. எடை 80 கிலோ, காற்றின் வேகம் 10 நாட் (knot, மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) தான், முன் இறக்கை 1200 சதுர செ.மீ. உள்ள ஃபாயிலில் பலகை எழும்பவே இல்லை என்கிறீர்கள். சரி, 1700 முதல் 2000 வரை பாருங்கள்.

தூக்குவிசை இறக்கையின் பரப்புக்கும் வேகத்தின் வர்க்கத்துக்கும் ஏற்ப மாறும். அதனால் எழும்பும் வேகத்தை 20 சதவீதம் குறைக்கவே பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டும். 1400 வாங்கினால் பெரிய வித்தியாசம் தெரியாது.

2000-ஐத் தாண்ட நான் சொல்ல மாட்டேன். இழுவை கூடும், காற்று கொஞ்சம் ஏறினாலும் ஃபாயில் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், முன்காலை அழுத்தியே ஓய்ந்துபோவீர்கள். நீண்டு ஒடுங்கிய இறக்கை காற்று விழுந்தாலும் சறுக்கிப் போகும், ஆனால் எழும்பக் கூடுதல் வேகம் கேட்கும்.

அப்புறம், கையிலிருக்கும் விங் 4 சதுர மீட்டர்தான் என்றால் முதலில் அதை 6 ஆக்குங்கள்.