பேராசையைப் பற்றிய தீர்க்கதரிசிகளின் எச்சரிப்பு யாருக்கு? உலகத்தாருக்கா, விசுவாசிகளுக்கா?

கேள்வி இதுதான்: "கடைசி நாட்களில் விசுவாசிகளே பணத்தாசையிலும் சுகபோகத்திலும் விழுவார்கள் என்று பைபிளில் இருக்கிறதா? இல்லை, அதெல்லாம் உலகத்தாரைப் பற்றிச் சொன்னதா? எங்கள் சபையில் ஆசீர்வாதம் என்றாலே வீடு, கார், பதவி உயர்வு என்றுதான் பேசுகிறார்கள். வசதியாக வாழ ஆசைப்படுவதே பாவமா?"

முதல் பாதிக்கு நேரடியான பதில்: அந்த எச்சரிப்பில் பெரும்பங்கு ஆராதனைக்கு வருகிறவர்களுக்குச் சொன்னது. உலகத்தாரைப் பற்றியும் தீர்க்கதரிசிகள் பேசியிருக்கிறார்கள், ஆனால் பேராசை என்று வந்தால் அவர்கள் திரும்பத் திரும்ப நிற்கிற இடம் தேவனுடைய ஜனத்தின் வாசலில்தான்.

கடைசி நாட்கள் என்று கேட்டதால் 2 தீமோத்தேயு 3-ஐ முதலில் எடுத்துக்கொள்வோம். மனுஷர்கள் தற்பிரியராய், பணப்பிரியராய், தேவப்பிரியராயிராமல் சுகபோகப்பிரியராய் இருப்பார்கள் என்று பவுல் அடுக்கிக்கொண்டே போகிறார். பிரசங்கங்களில் இதை வாசித்துவிட்டு "பாருங்கள், உலகம் எவ்வளவு கெட்டுப்போய்விட்டது" என்று பெருமூச்சு விடுவதைப் பல முறை கேட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல் முடிகிற 5-ம் வசனம், இவர்கள் "தேவபக்தியின் வேஷத்தைத்" தரித்தவர்கள் என்கிறது. கடவுளே இல்லை என்கிறவனுக்கு அந்த வேஷம் எதற்கு? பவுல் சபைக்குள் இருக்கிற ஆட்களைத்தான் சொல்கிறார். அடுத்த வரியிலேயே இப்படிப்பட்டவர்களை விட்டு விலகு என்று தீமோத்தேயுவிடம் சொல்வதால், அவர்கள் அப்போதே கண்முன் இருந்தார்கள் என்பதும் தெரிகிறது.

ஆனால் இந்த விஷயத்தின் ஆழம் புரிய வேண்டுமானால் ஆமோஸுக்குப் போகவேண்டும். எனக்கு மிகவும் நெருக்கமான தீர்க்கதரிசி அவர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆமோஸ் யூதாவிலுள்ள தெக்கோவா ஊர்க்காரர். மந்தை மேய்ப்பவர், காட்டத்திப் பழம் பொறுக்குகிறவர். கி.மு. 8-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் யெரொபெயாம் ஆண்ட காலத்தில், வடக்கே இஸ்ரவேல் ராஜ்யத்துக்குப் போய்ப் பேசினார். அந்த ராஜ்யத்துக்கு அது பொற்காலம். எல்லைகள் விரிந்திருந்தன, வியாபாரம் நடந்தது, கோயில்கள் நிரம்பி வழிந்தன. கர்த்தர் நம்மோடிருக்கிறார் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று அந்த மக்கள் நினைத்திருப்பார்கள். அங்கே வந்து நின்றுகொண்டு, தந்தக்கட்டிலில் படுத்து, மந்தையிலிருந்து இளங்குட்டிகளைத் தெரிந்தெடுத்துத் தின்று, பெரிய பாத்திரங்களில் மது குடித்து, சிறந்த தைலம் பூசிக்கொள்கிறீர்கள், யோசேப்புக்கு, அதாவது உங்கள் சொந்த ஜனத்துக்கு, வந்த கேட்டைப் பற்றி மட்டும் உங்களுக்குக் கவலையே இல்லை என்கிறார் (ஆமோஸ் 6).

இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. 1930-களில் அந்த ராஜ்யத்தின் தலைநகரான சமாரியாவைத் தோண்டியபோது செதுக்கு வேலை செய்த நூற்றுக்கணக்கான தந்தத் துண்டுகள் கிடைத்தன, அவற்றில் பல மரச்சாமான்களில் பதிப்பதற்காகச் செய்தவை. அதற்கு முன்பே, 1910-ல், அதே இடத்தில் மையால் எழுதிய மண்பாண்டச் சில்லுகள் கிடைத்திருந்தன. அவை ஆமோஸ் வாழ்ந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஊர்ப்புறங்களிலிருந்து தலைநகருக்கு வந்த பழைய திராட்சரசம், உயர்ரக எண்ணெய் ஆகியவற்றின் கணக்கு அவற்றில் இருக்கிறது. இன்ன ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி என்று. ஆமோஸ் திட்டிய அந்தக் குடியும் தைலமும் இன்றைக்கும் கணக்கு எழுதிய ஓட்டுத்துண்டுகளாக நம் கையில் இருக்கின்றன.

ஆனாலும் ஆமோஸின் முழுக் கோபத்தைப் பார்க்க வேண்டுமானால் 2-ம் அதிகாரம் 8-ம் வசனத்துக்குப் போகவேண்டும். அடைமானமாய் வாங்கிய வஸ்திரங்களின்மேல், பலிபீடங்களுக்குப் பக்கத்திலேயே, படுத்துக்கொள்கிறார்கள் என்கிறார். பின்னணி தெரியாவிட்டால் இந்த வரி சாதாரணமாகக் கடந்துபோய்விடும். ஏழையிடம் அடகு வைக்க ஒன்றுமில்லாதபோது மேல்போர்வையைத்தான் கொடுப்பான். யாத்திராகமம் 22-ல் சட்டம் இருக்கிறது: அதைப் பொழுதுபோகுமுன் திருப்பிக் கொடுத்துவிடு, அவனுக்கு இருக்கிற போர்வை அது ஒன்றுதான், "வேறு எதினாலே போர்த்துப் படுத்துக்கொள்ளுவான்?" என்று சட்டமே கேட்கிறது. ஒரு சட்டப் புத்தகம் இப்படி நின்று கேள்வி கேட்பது எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாக இருக்கிறது. இப்போது ஆமோஸ் காட்டுகிற காட்சியைப் பாருங்கள். இரவாகிவிட்டது, போர்வை திரும்பிப் போகவில்லை. அதை வாங்கி வைத்திருப்பவன் அதன்மேலேயே சாய்ந்துகொண்டு கோயிலில் ஆராதனை செய்துகொண்டிருக்கிறான். அவன் கோயிலில் திருடவில்லை, ஓய்வுநாளை மீறவில்லை. கூட்டத்துக்கு ஒழுங்காக வருகிறவன்.

இதுவும் கற்பனை இல்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1960-ல் கடற்கரைக்கு அருகே ஒரு பழைய கோட்டையில் எபிரெய எழுத்துள்ள ஓட்டுத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கி.மு. 7-ம் நூற்றாண்டு, அதாவது ஆமோஸுக்கு ஒரு நூற்றாண்டு போலப் பிந்தியது. அறுவடைக்கூலி ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த முறையீடு அது. நான் என் அறுப்பை முடித்துவிட்டேன், களஞ்சியத்தில் சேர்த்தும்விட்டேன், ஆனாலும் ஷோபாயின் மகன் ஓசாயாகு என்பவன் வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான், வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர்கள் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள், என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்கிறான். அது கிடைத்ததா என்று ஓட்டில் இல்லை. அந்தக் கூலிக்காரனை நினைத்துக்கொண்டு ஆமோஸை வாசித்துப் பாருங்கள், பேராசை என்பது பொதுவான குணக்கேடாகத் தெரியாது, ஒரு ஆளின் உடம்பிலிருந்து உருவப்பட்ட துணியாகத் தெரியும்.

பக்தி இதைத் தடுத்ததா? தடுக்கவில்லை. தீர்க்கதரிசிகளுக்கு அதுதான் தாங்கவில்லை. ஆமோஸ் 8-ல் வியாபாரிகள் ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள். கடையைத் திறக்கவேண்டும், மரக்காலைக் குறைக்கவேண்டும், கோதுமையோடு பதரையும் விற்கவேண்டும். ஓய்வுநாளை அனுசரிக்கிறார்கள், மனசு முழுக்கத் தராசில் இருக்கிறது. மீகா 3-ல் தலைவர்கள் பரிதானம் வாங்கித் தீர்ப்புச் சொல்கிறார்கள், ஆசாரியர்கள் கூலிக்கு உபதேசிக்கிறார்கள், தீர்க்கதரிசிகள் பணத்துக்குக் குறி சொல்கிறார்கள், இவ்வளவும் செய்துவிட்டு "கர்த்தர் எங்கள் நடுவில் இல்லையோ?" என்று கர்த்தரைச் சார்ந்துகொள்கிறார்கள். எசேக்கியேல் 33 இன்னும் துக்கமானது. எருசலேம் விழுந்த செய்தி வந்து சேர்ந்த பிறகும் ஜனங்கள் அவர்முன் உட்கார்ந்து வார்த்தையைக் கேட்கிறார்கள், நல்ல குரலில் பாடுகிற இன்பமான பாட்டைக் கேட்பதுபோல ரசிக்கிறார்கள், இருதயமோ பொருளாசையின் பின்னால் போகிறது. நகரமே போய்விட்டது. ஆசை போகவில்லை.

சரி, உங்கள் சபையில் பேசுகிற ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். அங்கே மல்கியா 3:10-ஐ அடிக்கடி கேட்டிருப்பீர்கள். தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வானத்தின் பலகணிகளைத் திறக்கிறேனோ இல்லையோ சோதித்துப் பாருங்கள் என்ற வசனம். காணிக்கையை "விதை" என்று சொல்லி அறுவடையை எதிர்பார்க்கச் சொல்வதும் இதோடு சேர்ந்து வரும். அதே அதிகாரத்தில், ஐந்து வசனம் முன்னால், கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறேன் என்கிறார். யாரை? சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர் என்ற வரிசையிலேயே, கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்கள், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்கள், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்கள். 10-ம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிற எத்தனை பேருக்கு 5-ம் வசனம் தெரியும்? தசமபாகம் எதற்கு என்பதையும் உபாகமம் 14 சொல்லிவிடுகிறது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊரிலேயே வைக்கவேண்டும், நிலம் இல்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவதற்காக. பசித்தவனுக்குப் போகவேண்டியதை, கொடுப்பவன் பணக்காரனாவதற்கான வழியாக மாற்றிச் சொல்வது சின்னப் பிழை இல்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. கடன் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு, அற்புதம் நடக்காதபோது தன் விசுவாசத்தில்தான் குறை என்று தன்னையே நொந்துகொள்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஊழியக்காரர்களைப் பற்றிய எச்சரிப்பு தனி வரிசை. எசேக்கியேல் 34 தங்களையே மேய்க்கிற மேய்ப்பர்களைச் சொல்கிறது. ஆட்டின் கொழுப்பைத் தின்கிறார்கள், மயிரை உடுத்துகிறார்கள், நசல்கொண்டதைக் குணமாக்குவதில்லை. யூதாவின் நிருபம் அதே படத்தை எடுத்து, விசுவாசிகளின் அன்பின் விருந்திலேயே பயமின்றித் தங்களை மேய்த்துக்கொள்கிற ஆட்களுக்குப் பொருத்துகிறது, பிலேயாமின் கூலியாசையையும் நினைவூட்டுகிறது. ஆதித் திருச்சபை இதை எவ்வளவு நடைமுறையாக எடுத்துக்கொண்டது என்பதற்கு டிடாக்கே என்ற மிகப் பழைய சபை ஒழுங்குநூல் உதாரணம். ஊருக்கு வருகிற ஊழியன் புறப்படும்போது வழிக்கு அப்பம் தவிர எதுவும் வாங்கக்கூடாது, பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது. ஆவியில் பேசுகிறேன் என்று சொல்லிக்கொண்டு எனக்குப் பணம் கொடு என்பவனுக்குச் செவிகொடுக்காதே, தேவையிலிருக்கிற மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனை யாரும் நியாயந்தீர்க்க வேண்டாம் என்றும் சொல்கிறது. உங்கள் சபையில் வருகிற காணிக்கை அழைப்புகளை இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துக் கவனித்துப் பாருங்கள், நிறைய விளங்கும்.

லவோதிக்கேயாவை எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. கி.பி. 60-ல் பூகம்பத்தில் இடிந்தபோது ரோமாபுரியின் உதவி இல்லாமல் தன் சொந்தச் செல்வத்திலேயே எழும்பி நின்ற நகரம் அது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஊர்ச் சபையும் "எனக்கு ஒரு குறைவுமில்லை" என்று பேசக் கற்றுக்கொண்டது. வெளிப்படுத்தல் 3-ல் அந்தச் சபையின்மேல் கள்ள உபதேசம், விக்கிரகம் என்று ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. திருப்திதான் அதன் வியாதி.

இனி உங்கள் கடைசிக் கேள்வி, வசதியாக வாழ ஆசைப்படுவதே பாவமா? இல்லை. தீர்க்கதரிசிகள் சாப்பாட்டையும் சந்தோஷத்தையும் வெறுத்தவர்கள் கிடையாது. அவ்வளவு கடுமையாகப் பேசிய ஆமோஸின் புத்தகமே மலைகளிலிருந்து திராட்சரசம் வடிகிற, ஜனங்கள் தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுகிற காட்சியோடுதான் முடிகிறது. ஏசாயா 25-ல் கர்த்தர் சகல ஜனங்களுக்கும் கொழுமையான விருந்து வைக்கிறார்.

இதற்கு வேதத்தில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான இடம் எரேமியா 22. யோயாக்கீம் ராஜா விசாலமான மேலறைகளும் பெரிய ஜன்னல்களும் வைத்து, கேதுருப் பலகை பதித்து, ஜாதிலிங்கம் என்ற சிவப்பு வருணம் பூசி அரண்மனை கட்டுகிறான். வேலை செய்தவனுக்குக் கூலி கொடுக்கவில்லை. எரேமியா அவனிடம் அவன் தகப்பன் யோசியாவைப் பற்றிக் கேட்கிறார்: உன் தகப்பன் சாப்பிடவில்லையா, குடிக்கவில்லையா? அவனும்தான் நன்றாக வாழ்ந்தான். ஆனால் நியாயமும் நீதியும் செய்தான், சிறுமையும் எளிமையுமானவனுடைய வழக்கை விசாரித்தான், என்னை அறிகிற அறிவு அதுதானே என்கிறார் கர்த்தர். ஒரே சிங்காசனத்தில் உட்கார்ந்த தகப்பனும் மகனும். இரண்டு பேரும் வசதியாகத்தான் வாழ்ந்தார்கள். ஒருவன் வீட்டைக் கட்டியவர்களுக்குக் கூலி போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் உங்களுக்கு வருகிற பதவி உயர்வை நினைத்துக் குற்ற உணர்ச்சி கொள்ளவேண்டாம். அது வந்தபின் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களுக்குச் சேரவேண்டியது நாள் தவறாமல் போகிறதா, உங்களிடம் கடன்பட்டவனை எப்படி நடத்துகிறீர்கள் என்று பாருங்கள். சபையில் இதைப் பேச இடம் கிடைத்தால் யாரையும் குற்றம் சாட்டாமல், மல்கியா 3-ஐ முதல் வசனத்திலிருந்து எல்லாருமாகச் சேர்ந்து வாசிக்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் கெட்ட எண்ணத்தில் அப்படிப் பேசுவதில்லை, 10-ம் வசனத்தை மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.