மோட்டாரின் நடுவில் சுற்றும் ரோட்டருக்கு ஒயரே போகவில்லை, பிறகு எப்படிச் சுற்றுகிறது? எரியும்போது அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் காயில் மட்டும் ஏன் எரிகிறது?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் கிணற்று மோட்டார் எரிந்து பட்டறையில் கிடக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். பழைய காயிலை வெட்டி எடுப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

ஸ்டேட்டரின் மூன்று ஃபேஸ் காயில்களிலும் மின்சாரம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்குப் போவதால் காந்தப்புலம் உள்ளே சுற்றி வருகிறது. 50 ஹெர்ட்ஸ், 4 போல் (காந்த முனை) என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று. ரோட்டரில் இருப்பது அலுமினியக் கம்பிகள். இரண்டு முனையிலும் வளையம் வைத்து வார்த்திருக்கும். காந்தப்புலம் அவற்றைக் கடந்து ஓடும்போது கம்பிகளில் தானாகவே மின்சாரம் தூண்டப்பட்டு, ரோட்டர் அந்தப் புலத்தின் பின்னால் இழுபடுகிறது. ரோட்டரும் 1500-ஐத் தொட்டுவிட்டால் கடந்து ஓட எதுவும் இல்லை, இழுவையும் இல்லை. பெயர்ப்பலகையில் 1440 என்று இருப்பது அதனால்தான்.

மின்வாரிய லைனில் இணைந்திருக்கும்போது அதே ரோட்டரை வெளியிலிருந்து 1500-க்கு மேல் சுற்றினால் அது ஜெனரேட்டர். முப்பந்தல் பக்கத்துப் பழைய காற்றாலைகள் பலவும் இப்படித்தான் ஓடின. (ரோட்டருக்கும் ஒயர் சுற்றிய ஸ்லிப்ரிங் மோட்டாரை விட்டுவிட்டாயே என்று யாரும் வர வேண்டாம், கேள்வி ஒயர் போகாத ரோட்டரைப் பற்றியது.)

இனி எரிவது. 5 ஹெச்பி, 415 வோல்ட் மோட்டார் முழுச் சுமையில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். ரோட்டர் நிற்கும் நிலையில் அது ஆறு மடங்கு, 45 ஆம்பியர். கிளம்பும் சில நொடிகளுக்கு இது பரவாயில்லை. தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரில் கல் சிக்கினாலோ, வோல்டேஜ் குறைந்து கிளம்பத் திணறினாலோ அந்த 45 இறங்காது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தாலே இழுவிசை 81 சதவீதத்துக்கு வந்துவிடும். ரோட்டர் கம்பிக்கு இன்சுலேஷன் கிடையாது, அது சூட்டைத் தாங்கிக்கொள்ளும். ஸ்டேட்டர் ஒயர் மேல் இருப்பதோ மெல்லிய எனாமல் பூச்சு. அதன் வெப்பத் தரம் எஃப் கிளாஸ் என்றால் 155 டிகிரிதான் எல்லை.

ஸ்லாட்டுக்கு (காயில் பதிந்திருக்கும் பள்ளத்துக்கு) வெளியே நிற்கும் காயில் வளைவுகளை வெளிச்சத்தில் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி கருத்திருந்தால் ஓவர்லோடு அல்லது ரோட்டர் சிக்கியது. ஒழுங்கான இடைவெளியில் கருப்பும் நல்ல நிறமும் மாறி மாறி வந்தால் ஒரு ஃபேஸ் லைன் வராமல் போயிருக்கிறது: ஸ்டார் இணைப்பில் (மூன்று காயிலின் ஒரு முனை ஒன்றாகச் சேர்வது) இரண்டு ஃபேஸ் காயில்கள் எரிந்து ஒன்று தப்பும், டெல்டாவில் (மூன்றும் முக்கோணமாக இணைவது) ஒன்று எரிந்து இரண்டு தப்பும். ஒரே இடத்தில் மட்டும் செம்பு உருகி மணி மணியாக நின்றால் சுற்றுகளுக்கு இடையே ஷார்ட்.

பட்டறைகள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. காயில் சுலபமாக உருவி வரட்டும் என்று ஸ்டேட்டரை நேரே தீயில் போடுகிறார்கள். ஸ்டேட்டர் கோரில் (இரும்பு உடலில்) அடுக்கிய அரை மில்லிமீட்டர் தகடுகளுக்கு இடையே உள்ள பூச்சு அதில் கருகிப்போனால், புதுக் காயில் கட்டியும் கோர் சூடாகும். சூடு 360 டிகிரியைத் தாண்டாமல் அடுப்பில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பழைய சுற்று எண்ணிக்கையையும் ஒயர் கேஜையும் (தடிமன்) எழுதி வாங்குங்கள்.

திரும்பி வந்ததும் மூன்று ஒயரிலும் ஆம்பியர் அளந்து, ஓவர்லோடு ரிலேயை (ஆம்பியர் கூடினால் மோட்டாரை நிறுத்துவது) பெயர்ப்பலகை அளவுக்கு வையுங்கள். ஸ்டாரில் கிளப்பி டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே லைன் பக்கம் இல்லாமல் காயில் பக்கம் இருந்தால் அந்த அளவை 0.58-ஆல் பெருக்கி வைக்க வேண்டும்.