குப்பி கறுக்கவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம்

வணக்கம் ஐயா. கோத்தகிரிப் பக்கம் ஊற்றுநீர்த் தொட்டியைக் கவனிக்கும் நீங்கள், நீரில் மலக்கலப்பு இருந்தால் கறுக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இரண்டு நாள் கழிந்தும் கறுக்கவில்லை, ஆனாலும் கடைசித் தெருக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தக் குப்பியை எங்கே வைத்தீர்கள் என்பதே என் முதல் கேள்வி. அதிலுள்ள நுண்ணுயிர்கள் நன்கு பெருக ஏறத்தாழ 30 முதல் 37 டிகிரி வெப்பம் தேவை. மார்கழிக் குளிரில் அலுவலக அலமாரியில் வைத்த குப்பி, நீரில் மலக்கலப்பு இருந்தாலும் நிறம் மாறாமல் இருந்துவிடலாம். சமவெளியில் பெரும்பாலும் எழாத இந்தச் சிக்கலை மலையில் பணிபுரியும் நாம் மறக்கவே கூடாது. இன்குபேட்டர் (வெப்பத்தைச் சீராக வைக்கும் பெட்டி) இல்லாமல் பெற்ற முடிவைக் கொண்டு மக்களுக்கு உறுதி அளிக்காதீர்கள்.

கடைசிக் குழாய் நீரில் கிருமிகளைக் கொன்றபின் எஞ்சிய குளோரினை இன்றே பாருங்கள். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டி நீரில் குளோரின் இருந்தும் கடைசிக் குழாயில் இல்லையென்றால், சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாய் இணைப்புகளைத் தோண்டிப் பாருங்கள். நீர் விடுவதை நிறுத்தியதும் அழுத்தம் குறைந்து, கசிவு வழியே வெளிநீர் உள்ளே புகும். குளிர்ந்த நீரில் குளோரின் மெதுவாகவே செயல்படுவதால், கலந்தபின் வழக்கமான 30 நிமிடத்தைவிடக் கூடுதலாகக் காத்திருங்கள். பிரித்து வைத்த பிளீச்சிங் பவுடர் மூட்டை ஈரத்தில் வீரியம் இழந்திருக்கும்.

கிருமிநீக்கிய குப்பியில் மாதிரி எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். முடிவு வரும்வரை அத்தெருவினர் நீரைக் கொதிக்க வைத்தே குடிக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இன்றே தெரிவியுங்கள்.