மூன்றாவது வரியில் நின்றுபோன பேச்சு

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. இந்த செமஸ்டரில் மேடைப்பேச்சுக்கென்று ஒரு பேப்பர் இருக்கிறது. ஒவ்வொருவரும் வகுப்பில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசவேண்டும், மார்க் உண்டு. ‘டிஜிட்டல் இந்தியா’ என்று இரண்டு பக்கம் எடுத்து மனப்பாடம் செய்துகொண்டு போனேன். மூன்றாவது வரியில் எல்லாம் மறந்துவிட்டது. கை நடுங்கியதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த மாதம் இன்னொரு முறை பேசலாம் என்று மேடம் சொல்லியிருக்கிறார். பேச்சு பிறவியிலேயே வரவேண்டும் என்கிறார்கள் தோழிகள். அப்பா நிலக்கோட்டை பூமார்க்கெட்டில் கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார், எங்கள் வீட்டில் மேடையேறிய ஆள் யாருமில்லை. வகுப்பில் படித்தால் பேச்சு வருமா?

க.

அன்புள்ள க.,

வரும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறவியிலேயே வரவேண்டும் என்பதை நம்பித்தான் நல்ல விஷயம் தெரிந்த எத்தனையோ பேர் கடைசி பெஞ்சிலேயே இருந்துவிடுகிறார்கள். திருக்குறளில் அமைச்சர்களுக்குச் சொல்லும் பகுதியில் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அங்கே வள்ளுவர் வெறும் தைரியம் மட்டும் சொல்லவில்லை. ‘ஆற்றின் அளவறிந்து கற்க’ என்கிறார், சபையில் பயப்படாமல் பதில் சொல்வதற்காகவே முறையாகப் படி என்று. படித்து வரக்கூடியது என்று நினைத்ததால்தானே ‘கற்க’ என்றார்?

சரி, உங்களுக்கு ஏன் வரவில்லை? நீங்கள் மறந்தது வேறு யாரோ யாருக்கோ எழுதியதை. மனப்பாடம் செய்த பேச்சில் ஒரு சொல் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் நூல் அறுந்தால் சரம் முழுவதும் கொட்டிவிடும். நானும் பள்ளியில் அப்படித்தான் பேசினேன். ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்து இரண்டாம் பரிசு வாங்கினேன். மேடையிலிருந்து இறங்கியதும் ஒரு நண்பன், ‘நீ என்னடா சொல்ல வந்தே?’ என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பரிசு வாங்கியதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, அதனால் நீங்கள் மூன்றாவது வரியில் நின்றதை நான் தோல்வியாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

காந்தி லண்டனில் படித்த நாட்களில் சைவ உணவுக்காரர்களின் கூட்டத்தில், எழுதிக்கொண்டு போனதைக்கூட வாசிக்க முடியாமல் நின்றவர், வேறொருவர் அதை வாசிக்கவேண்டி வந்தது. பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, தலை சுற்றி, ஒரு கேள்வியும் வராமல் உட்கார்ந்துவிட்டார், 30 ரூபாய் ஃபீஸும் வேண்டாமென்று விட்டுவிட்டார். அதே ஆள் 1893இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா நகரத்து இந்திய வியாபாரிகளைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மையாக இருப்பதைப் பற்றிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு என்று அதைத்தான் சொல்கிறார். கூச்சம் ஒரே நாளில் போய்விடவில்லை. ஆனால் அன்று அவருக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது, அதைக் கேட்கவேண்டிய ஆட்கள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், நன்றாகத் தயார் செய்துகொண்டும் போயிருந்தார்.

உங்களுக்கும் அப்படி ஒரு விஷயம் இருக்கிறது, கடிதத்தின் கடைசியில் ஏதோ குறை மாதிரி எழுதிவிட்டீர்கள். அப்பா பூமார்க்கெட்டில் கணக்கு எழுதுகிறார். காலையில் ஒரு விலைக்குப் போன மல்லிகை மதியத்துக்குள் ஏன் இறங்குகிறது, முகூர்த்த நாளுக்கு முந்தின நாள் ஏன் ஏறுகிறது, மார்கழிப் பனியில் வரத்து குறைந்து விலை ஏறும்போது பறித்து வந்த விவசாயி கையில் என்ன நிற்கிறது, கமிஷன் எப்படிப் பிடிக்கிறார்கள், இதெல்லாம் உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் படிப்பது பி.காம். வேறு. தேவை, வரத்து, விலை என்று புத்தகத்தில் இருப்பதெல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கு நோட்டில் இருக்கிறது. டிஜிட்டல் இந்தியாவை விட்டுவிடுங்கள்.

தயாரிப்பை இப்படிச் செய்து பாருங்கள். அப்பாவுடன் ஒரு மாலை உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் கேட்டதை ஒரு தோழிக்குத் தமிழில் சொல்லுங்கள், எந்த இடத்தில் அவள் முகம் மாறுகிறது என்று கவனியுங்கள், அந்த இடம்தான் பேச்சின் நடு. அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள், சின்னச் சின்ன வாக்கியங்களாக, வாயில் ஒருமுறைகூட வந்திராத சொல் எதுவும் வேண்டாம். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் இருப்பதற்கு ஒரு துண்டுச்சீட்டில் நாலு சொல் போதும். நின்றுகொண்டு, சத்தமாக, போனில் பதிவு செய்து பழகுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் கொஞ்சம் மாறும், மாறட்டும், மாறினால்தான் அது உங்கள் பேச்சு. நடுவில் மறந்தால் நிறுத்திச் சீட்டைப் பாருங்கள். அந்த இரண்டு விநாடி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

நடுக்கத்தை எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்கிறீர்களே, கை நடுங்குவதும் வாய் உலர்வதும் அட்ரினலின் என்ற ஹார்மோன் செய்கிற வேலை, ஆபத்தைக் கண்டால் உடம்பு அப்படித்தான் தயாராகும். 2003இல் சாவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை மாணவர்களிடமே சோதித்தார்கள். பேசுகிறவர் தன் பதற்றம் வெளியே எவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறாரோ, கேட்கிறவர்களுக்கு அவ்வளவு தெரிவதில்லை. இந்த உண்மையை முன்னாலேயே தெரிந்துகொண்டு பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்களுக்கும் நான் இப்போதே சொல்லிவிட்டேன்.

கல்லூரி வகுப்பைப் பற்றி எனக்கு ஒரே ஒரு வருத்தம். ஒரு செமஸ்டருக்கு ஒரு முறை எழுந்து பேசினால் அது பரீட்சைதான், பயிற்சி ஆகாது. 1924இல் அமெரிக்காவில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் மேடைப்பேச்சு பழகுவதற்காக டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற சங்கத்தை ஆரம்பித்தார், இன்று சென்னை, மதுரை வரை இருக்கிறது. அங்கே கேட்கிறவர்களுக்கும் வேலை உண்டு. ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணுவார், ஒருவர் எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று எழுந்து சொல்வார். மாதத்தில் பல முறை ஒரே ஆட்கள் முன்னால் நிற்கும்போது பயம் பழகிவிடுகிறது. இதேபோல நீங்களே பழகுவதற்கு யாருக்கும் பணம் கட்டவேண்டியதில்லை. நீங்கள் ஐந்து தோழிகள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலியான வகுப்பறையில் ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசுங்கள், ‘வந்து’, ‘அது வந்து’ எத்தனை முறை வருகிறது என்று ஒருத்தி எண்ணட்டும். பிறவியில் வரவேண்டும் என்று சொன்ன தோழிகளையே கூப்பிடுங்கள்.

தலைப்பை மாற்றிக்கொள்ளலாமா என்று மேடத்திடம் நாளைக்கே கேட்டுவிடுங்கள். இன்னொரு வாய்ப்பு கொடுத்தவர், இதையும் கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன். பேசப்போகிற அன்று காலை அப்பாவுக்கு போன் போட்டு மல்லிகை கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டு, அந்த விலையையே முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் எனக்கு எழுதுங்கள், விலையையும் சேர்த்து.