தவறு பையன் மேலா, வாத்தியார் மேலா?

கேள்வி: என் மகன் 7-ஆம் வகுப்பு. கணக்கில் 20 மதிப்பெண்ணைத் தாண்டுவதில்லை. பையனுக்குக் கவனமில்லை என்கிறார் ஆசிரியர். அவர் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை என்கிறார் என் கணவர். யார் மேல் தவறு?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 503-லிருந்து 278-ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். 375 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். அது கவனக்குறைவே அல்ல. 'கடன் வாங்குவது' ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. தொடக்க வகுப்பில் விழுந்த ஓட்டை அது. அதை அடைக்காமலே பின்னம், தசமம், இயற்கணிதம் என்று பாடம் ஓடிவிட்டது.

ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டுங்கள். பத்துக் கட்டு சேர்ந்தால் ஒரு பெரிய கட்டு. 503 என்பது 5 பெரிய கட்டும் 3 குச்சியும். அதில் 8 குச்சி எடுக்க வேண்டும், பிரிக்கச் சின்னக் கட்டு இல்லை. ஒரு பெரிய கட்டைப் பிரித்தால் 10 சின்னக் கட்டு. அதில் ஒன்றைப் பிரித்தால் 4 பெரிய கட்டு, 9 சின்னக் கட்டு, 13 குச்சி. இனி 225 தானாக வரும். நடுவில் பூஜ்யம் வரும் இடத்தில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். தினம் 20 நிமிடம், 5 கணக்கு போதும்.

வாக்கியக் கணக்கை வாய்விட்டு வாசிக்கவும் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் திணறினால் சிக்கல் வாசிப்பில்.

ஆசிரியருக்குப் பொறுப்பு நிச்சயம் உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவையானால் கூடுதலாகக் கற்பிக்கச் சொல்கிறது. பள்ளிக்குப் போகும்போது மதிப்பெண் பட்டியல் வேண்டாம், 375 எழுதிய அந்தத் தாளை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.